போகும் மாத்திரை, போகாத மாத்திரை

கே: தலைவலிக்குப் பனடால் போட்டால் நாலு மணி நேரத்தில் வலி மறுபடி எட்டிப் பார்க்கிறது. போட்ட மாத்திரை எங்கேதான் போகிறது?
– பஃப்ளோ ரோடு வாசகர்

ப: கழிவறைக்கு! கல்லீரல் அதை நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும், சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். எவ்வளவு வேகத்தில் என்பதுதான் விஷயம். ஞாயிறு இரவு லிட்டில் இந்தியாவில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் 500 பேர் விடுதிக்குக் கிளம்புகிறார்கள். அடுத்த மணி நேரத்தில் மிச்சமிருக்கும் 500 பேருமே கிளம்பிவிடுவதில்லை, 250 பேர்தான் கிளம்புகிறார்கள். அதற்கடுத்து 125. கூட்டம் எவ்வளவோ அதில் பாதி. பெரும்பாலான மருந்துகள் இப்படித்தான் விடைபெறுகின்றன. பாதி குறைய ஆகும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். பனடாலில் இருக்கும் பாரசிட்டமாலுக்கு அது 2 முதல் 3 மணி நேரம். நாலு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். வலிக்கு அந்த இடைவெளி போதும்.

கே: பாதி, பாதியில் பாதி, அதில் பாதி... அப்படியென்றால் கணக்குப்படி மருந்து முழுசாகப் போகவே போகாதே?
– முன்னாள் கணக்கு ஆசிரியர், ஈசூன்

ப: கணக்கில் போகாது சார், உடம்பில் போய்விடும். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் ஏறத்தாழ 97 விழுக்காடு காலி. மிச்சமிருக்கும் 3 விழுக்காட்டை வைத்துத் தலைவலியும் தீராது, உங்கள் வாதமும் ஜெயிக்காது.

கே: ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாகியும் அளவு சரியாக இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, “ரெண்டாப் போடு தம்பி” என்கிறார். போடட்டுமா?
– தோ பாயோ வாசகர்

ப: அக்காவிடம் கறிவேப்பிலை வாங்குங்கள், மாத்திரை அளவு வாங்காதீர்கள். அம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். அதாவது நேற்றுப் போட்டதில் பாதிக்கு மேல் இன்னும் உள்ளே இருக்கும்போதே இன்றைய மாத்திரை வந்து சேர்கிறது. நாளை மூன்றாவது. இப்படி ஏறிக்கொண்டே போய், ஏழெட்டு நாளில் ஒரு நாளைக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடும். அதன் பிறகு ஏறாது, நின்றுவிடும். அந்தச் சமநிலையில் உங்கள் ரத்தத்தில் இருக்கும் மருந்து முதல் நாள் இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. டாக்டர் எழுதிய அளவு இந்த மூன்று மடங்கை மனத்தில் வைத்து எழுதியது. மூன்றாம் நாள் பொறுமை இழந்து இரட்டிப்பாக்குகிறவர் பத்தாம் நாள் கால் வீங்கி, எழுந்தால் தலை சுற்றி, பலதுறை மருந்தகத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்பார். மருந்து ஏறுவதற்கும் அதே ஐந்து அரை ஆயுள் கணக்குதான், இறங்குவதற்கும் அதேதான். அக்காவுக்கு இந்தப் பாதிக் கணக்கையும் சொல்லிவிடுங்கள்.

கே: தைராய்டு மாத்திரையை நேற்று மறந்துவிட்டேன். பதற்றத்தோடு எழுதுகிறேன்.
– செங்காங் வாசகி

ப: உட்காருங்கள், ஒரு தே குடியுங்கள். (மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது கழித்து!) லெவோதைராக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ 7 நாள். ஒரு நாள் மறதி உங்கள் ரத்தத்துக்குப் பெரிதாகத் தெரியாது. அளவை மாற்றினால் 6 வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதும் இதனால்தான். அதற்குள் சோதித்தால் பாதிவழிக் கணக்குதான் கிடைக்கும். ஆனால் இந்தச் சலுகை எல்லா மாத்திரைக்கும் கிடையாது. வலிப்பு மருந்தை மறந்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கே: குடலிறக்க அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் போடுகிறீர்களா, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். அது ஒரே நாளில் போய்விடும் மருந்துதானே?
– ரேஸ் கோர்ஸ் சாலை வாசகர்

ப: ஒரு நாள் எதற்கு? ஆஸ்பிரினாகவே அது உங்கள் ரத்தத்தில் இருப்பது சொற்ப நேரம், அரை ஆயுள் 15 முதல் 20 நிமிடம். அந்தச் சொற்ப நேரத்துக்குள் ரத்தத் தட்டணுக்களில் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிட்டுப் போய்விடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புதிய நொதி செய்துகொள்ளத் தெரியாது. அது செத்து, எலும்பு மஜ்ஜை புதிய தட்டணுவை அனுப்பும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, விளைவு இருக்கும். ஆள் போய்விட்டார், போட்ட பூட்டு இருக்கிறது. ஆகவே மருந்து உடம்பில் இருக்கும் காலம் வேறு, அது வேலை செய்யும் காலம் வேறு. இன்னொன்று: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே ஆஸ்பிரினை நிறுத்தக்கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

கே: காய்ச்சல். காலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650, மதியம் பனடால், ராத்திரி சளிக்கு டிகால்ஜென். மூன்றையும் மாறி மாறிப் போட்டால் சீக்கிரம் குணமாகுமா?
– பூன் லே விடுதி வாசகர்

ப: தம்பி, மூன்று பெட்டி, மூன்று நிறம், உள்ளே ஒரே ஆள். மூன்றிலும் பாரசிட்டமால்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. டோலோவில் ஒன்றுக்கு 650 என்பதால் ஆறிலேயே எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறீர்கள். பாரசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சுப்பொருளும் உண்டாகும். அதைக் குளூட்டாதயோன் என்ற ஒன்று உடனுக்குடன் அடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் இருப்புத் தீர்ந்துபோய் நச்சு கல்லீரலையே கடிக்கும். கொடுமை என்னவென்றால் முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. தெரியும்போது தாமதம். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் காக்கும். ஆகவே அதிகம் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இனி அட்டையின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள்.

கே: நண்பர் ஒரு ‘சக்தி’ மாத்திரை தருகிறார். மூலிகைதானாம். ஒன்றே ஒன்று போட்டால் மறுநாள் உடம்பைவிட்டுப் போய்விடாதா? பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

ப: பெயரும் ஊரும் வேண்டாம் என்றவுடனேயே எந்தச் சக்தி என்று புரிந்தது. உங்களுக்கு 2008ஆம் ஆண்டைச் சொல்கிறேன். அந்த ஆண்டு ஜனவரி முதல் மே வரை சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைகளில் ஒரு வினோதம் நடந்தது. இனிப்பு நீர் இல்லாத ஆண்கள் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி, வியர்த்து, உளறி, சிலர் நினைவே தப்பி, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மொத்தம் 150 பேர், ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். ஏழு பேர் மூளைக்குச் சர்க்கரை போகாமல் கோமாவிலேயே கிடந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உங்களைப் போலவே பலருக்கும் சொல்லக் கூச்சம். கடைசியில் பிடிபட்டவை ‘பவர் 1 வால்நட்’ போன்ற சட்டவிரோத ஆண்மை மாத்திரைகளும் போலி சியாலிசும். அவற்றுக்குள் கிளிபென்கிளமைடு இருந்தது. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து. சிலவற்றில் நோயாளிக்கே ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவைவிடப் பல மடங்கு. எப்படிக் கலந்தது என்பது கலந்தவனுக்கே வெளிச்சம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிளிபென்கிளமைடின் அரை ஆயுள் ஏறத்தாழ 10 மணி நேரம். கல்லீரல் அதை உடைத்தபின் வரும் துணைப் பொருள்களும் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும், அவை வெளியேறச் சிறுநீரகத்தை நம்பியிருக்கின்றன. அதனால் குளுக்கோஸ் ஏற்றிச் சர்க்கரையை உயர்த்தினாலும் சில மணி நேரத்தில் மறுபடி விழும். எழுந்து உட்கார்ந்தவரை அன்றே வீட்டுக்கு அனுப்ப முடியாது. வயதானவர், சிறுநீரகம் மெலிந்தவர் என்றால் நாள்கணக்கில் காவல் காக்க வேண்டும். ‘ஒன்றே ஒன்று’ என்கிறீர்களே, அந்த 150 பேரிலும் பலர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் இதைக் கேட்க ஐந்து நிமிடம் கூச்சப்பட்டால் போதும்.

கே: தைப்பூச விரதம். ஒருவேளைச் சாப்பாடு. இனிப்பு நீர் மாத்திரை மட்டும் வழக்கம்போல் இரண்டு வேளையும் போடுகிறேன். முருகன் பார்த்துக்கொள்வான் அல்லவா?
– சிராங்கூன் சாலை பக்தர்

ப: முருகன் பார்ப்பான், நீங்கள் அட்டையைப் பாருங்கள். கிளிக்கிளசைடு என்று போட்டிருந்தால் மேலே சொன்ன மாத்திரையின் தம்பி அது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். மெதுவாகக் கரையும் வகை என்றால் நாள் முழுவதும். வெறும் வயிற்றோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெயிலில் நடக்கும்போது சர்க்கரை சரிந்தால், பக்திப் பரவசம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கும்பிட்டுவிடப் போகிறார்கள்! மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை சரியும் பயம் மிகக் குறைவு. ஆனால் அதற்குச் சிறுநீரகம்தான் ஒரே வாசல். அது உடையாமல் அப்படியே சிறுநீரில் போகிற மருந்து. ஆகவே சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு, விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் நேரம் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். காப்புக் கட்டிய பிறகு அல்ல.

கே: சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டார் பெரிய பம்பளிமாஸ் கொடுத்தார்கள். கொழுப்பு மாத்திரை போடுபவர் அதைத் தொடக்கூடாது என்று மகள் பிடுங்கிக்கொண்டாள். உண்மையா, அல்லது அவளே தின்னப் பார்க்கிறாளா?
– அங் மோ கியோ வாசகர்

ப: இரண்டும் இருக்கலாம். 1980களின் இறுதியில் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற ரத்தக் கொதிப்பு மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். மதுவின் சுவை தெரியாமல் இருக்கக் கிரேப்ஃபுரூட் சாறு கலந்து கொடுத்தார். மருந்தின் அளவு ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியது. மதுவின்மேல் சந்தேகப்பட்டுப் போனால், குற்றவாளி சாறு! குடல் சுவரில் பல மருந்துகளை உள்ளே வரும்போதே உடைத்துவிடும் ஒரு நொதி இருக்கிறது. அந்தப் பழத்தில் உள்ள பொருள் அதைச் செயலிழக்கச் செய்கிறது. குடல் புதிதாகச் செய்துகொள்ள ஓரிரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதனால் ‘காலையில் பழம், ராத்திரி மாத்திரை’ என்று இடைவெளி விட்டுத் தப்பிக்க முடியாது. பம்பளிமாசும் அதே குடும்பம். கொழுப்பு மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டினுக்கு இது பெரிய விஷயம், ரோசுவாஸ்டாட்டினுக்கு அப்படி இல்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்து டாக்ரோலிமஸ் போடுபவர்கள் தொடவே வேண்டாம். மாண்டரின் ஆரஞ்சுக்குத் தடை இல்லை. மகளிடம் அதையாவது கேட்டு வாங்குங்கள்.

கே: சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நமக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. உடம்பு ஒன்றா?
– உட்லண்ட்ஸ் வாசகி

ப: அவர்களை விடுங்கள், அண்ணன் தம்பிக்கே ஒன்றாக இருக்காது. இதை உலகத்துக்குப் பாடமாக நடத்தியதில் நம் சென்னைக்குப் பங்கு உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. மருத்துவமனையில் படுக்கவைத்துக் கொடுத்தாலும் வீட்டில் இருந்தபடியே கொடுத்தாலும் மருந்து ஒரே மாதிரி வேலை செய்கிறது என்று 1959இல் காட்டிப் புகழ்பெற்றது அந்த மையம்தான். அங்கே இன்னொரு கேள்வியையும் துருவினார்கள். ஐசோனியசிட் மருந்தை ஒவ்வொருவர் கல்லீரலும் எவ்வளவு வேகமாகச் செயலிழக்கச் செய்கிறது? நம் தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவாகச் செய்பவர்கள், மற்றவர்கள் வேகமாகச் செய்பவர்கள். அரை ஆயுள் வேகக்காரருக்கு ஒரு மணி நேரம், மெதுக்காரருக்கு மூன்று மணி நேரம் என்ற அளவில் வித்தியாசம். பிறவியிலேயே வருவது, ஒரு மரபணு செய்யும் வேலை.

தினமும் மாத்திரை போட்டால் இந்த வேறுபாடு பெரிதாகப் படுத்துவதில்லை. வாரம் ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோதுதான் வேகக்காரர்கள் பின்தங்கினார்கள். மருந்து அவர்கள் உடம்பில் நிற்கவில்லை. வாரம் இரு முறை கொடுத்தபோது இரு தரப்பும் தேறினார்கள். மெதுக்காரர்களுக்கு வேறு தொல்லை: மருந்து தேங்கி நரம்பு பாதித்து, கை கால் மரமரக்கும். அதற்குத்தான் கூடவே வைட்டமின் பி6 தருவது. ஒரே ஊர், ஒரே சோறு, ஒரே நோய், ஆனாலும் பாதிப் பேருக்கு மேல் ஒரு வேகம், மற்றவர்களுக்கு இன்னொரு வேகம்.

சிங்கப்பூரிலும் ஒன்று உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், இங்குள்ள சீனர்களைவிட இந்தியர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று 2006இல் வெளியான இங்குள்ள ஆய்வு சொன்னது. வெளியேறும் வேகம் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அந்த மருந்து போய்ப் பிடிக்கும் நொதியின் மரபணுவே இரு தரப்பிலும் வேறுபடுகிறது. அதற்காக ‘நான் தமிழன், எனக்குக் கூட்டிக் கொடு’ என்று மருந்தாளரிடம் நிற்காதீர்கள். சராசரி என்பது கூட்டத்துக்கு, ரத்தப் பரிசோதனை உங்களுக்கு.

கே: நள்ளிரவு வரை பார்ட்டி. காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கலாமா? நடுவில் இரண்டு கோப்பி குடித்துவிடுவேன்.
– வாடகைக் கார் ஓட்டுநர், பிடோக்

ப: கோப்பி உங்களை முழித்திருக்கும் குடிகாரர் ஆக்கும், அவ்வளவுதான். முதல் பதிலில் சொன்ன ஞாயிற்றுக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? மதுவுக்கு அந்தப் பாதிக் கணக்கு கிடையாது. நூறு பேர் நின்றாலும் ஆயிரம் பேர் நின்றாலும் மணிக்கு ஒரே பேருந்து, அதே நாற்பது இருக்கை. கல்லீரல் நொதிகள் நிரம்பி வழிவதால் மது ஒரே வேகத்தில்தான் குறையும்: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம். சிங்கப்பூரில் ஓட்டுநருக்கு உச்ச வரம்பு 80. நள்ளிரவில் 160 இருந்தால் ஆறு மணிக்கு 70, சட்டத்துக்கு மயிரிழை கீழே. உங்கள் கல்லீரல் கொஞ்சம் சோம்பேறி என்றால் மேலே! முழுக்கத் தெளியக் காலை பத்து நாற்பது. ஓட்ட வேண்டாம்.

கே: தாய்லாந்தில் விடுமுறை. கஞ்சா இழுத்துவிட்டு எத்தனை நாள் கழித்துத் திரும்பினால் சோதனையில் தெரியாது?

ப: இந்தக் கணக்கை நான் போட்டுத் தர மாட்டேன். அது கொழுப்பில் பதுங்கும் சரக்கு. அடிக்கடி புகைப்பவருக்கு ஒரு மாதம் கடந்தும் சிறுநீரில் தெரியலாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே சட்டம் பார்க்கும். பாங்காக்கில் மாம்பழச் சோறு நன்றாக இருக்கும்.

கே: மாத்திரை தின்று தின்று உடம்பில் கழிவு சேர்ந்திருக்கும், மாதம் ஒருமுறை பேதிக்குச் சாப்பிட்டுச் சுத்தம் செய் என்கிறார் மாமனார்.
– கேம்பல் லேன் மருமகன்

ப: மாமனார் சொல்லைத் தட்டக்கூடாது, இதை மட்டும் தட்டுங்கள். ரத்தத்துக்குள் போய்விட்ட மருந்தை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். பேதியால் போவது நேற்றைய பிரியாணியும் உடம்பின் உப்பும் நீரும்தான். நீர் வற்றினால் சிறுநீரகம் சுணங்கி, மருந்து இன்னும் தேங்கும். கரி மாத்திரைச் ‘சுத்திகரிப்பு’ இன்னும் மோசம். இன்று போட்ட மருந்தையே குடலில் பிடித்துக்கொண்டு போய்விடும்.

கே: ஊரிலிருந்து பஸ்பம் வரவழைத்துச் சாப்பிடுகிறேன். இயற்கை மருந்து உடம்பில் தங்காது அல்லவா?
– பொத்தோங் பாசிர் வாசகர்

ப: ஈயமும் இயற்கைதான், அது தங்கும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஒரு மாதம் போல. ஆனால் எலும்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி உள்ளே வைத்துக்கொள்ளும், அங்கே பல பத்தாண்டுகள். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது பழைய ஈயம் மறுபடி ரத்தத்துக்கு வரும். பஸ்பம் எல்லாமே விஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2004இல் பாஸ்டனில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. இங்கே பாரம்பரிய மருந்துகளில் கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு, சுகாதார அறிவியல் ஆணையம் கண்காணிக்கிறது. பையில் சுருட்டி விமானத்தில் வந்த பொட்டலத்துக்கு அந்தக் கண்காணிப்பு இல்லை. வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை மூன்றும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: உடம்பைவிட்டுப் போகவே போகாத மாத்திரை உண்டா?
– ஜூரோங் வாசகி

ப: கிட்டத்தட்ட உண்டு. இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் கொழுப்பில் ஊறிக்கிடக்கும், அரை ஆயுள் சராசரியாக 58 நாள். அதைத் தோற்கடிப்பது எலும்புத் தேய்மானத்துக்கு அம்மாக்கள் வாரம் ஒன்று போடும் அலெண்ட்ரோனேட். விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே சேராது. சேர்ந்தது எலும்பில் உட்கார்ந்தால் அரை ஆயுள் 10 ஆண்டுக்கும் மேல். அதனால்தான் சில ஆண்டுகள் போட்டபின் டாக்டரே ‘கொஞ்ச காலம் நிறுத்துங்கள்’ என்கிறார், பலன் உடனே ஓடிவிடாது. பல் பிடுங்கப் போகும் அம்மாக்கள் மட்டும் கவனிக்க: எலும்பு மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால், “இல்லை, அதெல்லாம் நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு” என்று முடித்துவிடாதீர்கள். எத்தனை வருஷம் போட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.